நீலச் சேலைக்கு மேல் ஒரு படங்கு

ஹட்டன் தையல் பட்டறையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் பட்டறைப் பக்கம் போவதில்லை. தேநீர் குடித்துக்கொண்டே அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

“ஆன்டி, போர்வைக்கு நடுவுல படங்கு வச்சுத் தைக்கிற டிசைன் நீங்க கண்டுபுடிச்சதாமே. எப்புடி யோசிச்சீங்க? ஒரு பக்கம் எழுதித் தாங்க. கண்காட்சியில போர்வைக்குப் பக்கத்துல மாட்டப் போறோம்.”

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஈரமும் செடியின் வாதுக் குச்சியும் உடம்பில் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குத் துணிதான் படங்கு. அதைப் போர்வையில் வைத்துத் தைத்தது நான்தான். ஆனால் அதை டிசைன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தப் பிள்ளைகளிடம் “எழுதித் தர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் முடியவில்லை. சுவரில் மாட்டவும் இது தோதுப்படாது என்று நினைக்கிறேன்.

நான் வட்டவளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போனேன். அங்கே சட்டையின் கழுத்துப் பட்டி மட்டும் தைத்தேன். வருஷக்கணக்கில் அதே பட்டி, அதே வளைவு. நான் தைத்த பட்டி எந்த நிறச் சட்டையில் போய்ச் சேர்ந்தது என்று பார்த்ததே இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது திரும்பி வந்தேன். சரோஜா மிஸ்ஸின் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஹட்டனுக்குப் போனேன்.

சரோஜா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மலையகப் பள்ளிக்கூடங்களில் தையல் படிப்பித்து, ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். கார்மென்ட்ஸில் கழித்துவிடும் வெட்டுத் துண்டுகளையும் பழைய சேலைகளையும் வாங்கி ஒட்டுப் போர்வை தைக்கவைத்து, சுற்றுலா வருபவர்களுக்கு விற்றார். போன முதல் நாளே என் கையில் இருந்த அளவுகோலைக் கேட்டு வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“உது இல்லாமல் வெட்டும், பாப்பம்.”

“கோணலாப் போயிருமே மிஸ்.”

“போகட்டும். கோணலா ஒரு துண்டை வெட்டும். அதுக்குப் பக்கத்தில என்ன வரவேணும் எண்டு அந்தத் துண்டே சொல்லும்.”

அவருடைய முறையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வரைபடம் கிடையாது. முதலில் ஐந்து மூலையோ ஆறு மூலையோ உள்ள ஒரு கோணல் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையைத் தைக்க வேண்டும். தைத்த இடத்தை அயன் பண்ணி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்ட வேண்டும். பிறகு அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டை. இப்படிச் சுற்றிச் சுற்றி வளரும். பட்டறையின் நீளச் சுவரில் ஒரு பழைய கம்பளியை இழுத்துக் கட்டியிருந்தார். தைத்த துண்டை அதில் அழுத்தினால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்க்க வேண்டும்.

“கண்ணைச் சுருக்கிப் பாரும். நிறத்தைப் பார்க்காதேயும். எங்க வெளிச்சம், எங்க இருட்டு எண்டு மட்டும் பாரும். உம்மட கண் எந்த இடத்தில போய் நிக்குது?”

நின்ற இடம் எங்களுக்குப் பிடித்திருந்தால் சரி. பிடிக்காவிட்டால் துண்டுகளை இடம் மாற்றலாம், மேலே இன்னொன்று வைத்துத் தைக்கலாம். ஆனால் தைத்ததைப் பிரிக்கக் கூடாது. அதில் மட்டும் மிஸ் விட்டுக்கொடுத்ததே இல்லை. நான் ஒருமுறை பிளேடை எடுத்தபோது, குரலை உயர்த்தாமல், என் பின்னால் வந்து நின்று சொன்னார்.

“பிழை எண்டு நினைச்சா அதுக்கு மேல ஒண்டைப் போட்டுத் தையும். பிரிச்ச துணி ஒரு நாளும் பழையபடி வராது.”

அவர் எங்கள் வேலையைத் தொட மாட்டார். கதவருகே நின்று பார்ப்பார். “ம்” என்றால் நல்லது. “ஓம், செய்யும் செய்யும்” என்றால் இன்னும் சரியாக வரவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு முறை என் போர்வை ஒன்றைப் பார்த்து “வடிவு” என்றார், அவர்கள் ஊர்ப் பேச்சில் அழகு என்று அர்த்தம். அன்று ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக ஞாபகமே இல்லை. கழுத்துப் பட்டி தைத்த கைக்கு இப்படி ஒரு வேலை செய்ய வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போர்வையில் மிஞ்சும் சின்னத் துண்டுகளை வைத்து நகை செய்யத் தொடங்கியதும் நான்தான். பட்டுச் சேலையின் கரையைப் பித்தளை வளையத்தில் சுற்றி வளையல், துணியைச் சுருட்டிக் கட்டி மணி. பிறகு தேயிலைக் கொட்டை. அதை நிழலில் காயவைத்து, துளை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தால் நல்ல மரச்சாமான் போல மினுங்கும். கொட்டைக்குக் கொட்டை சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு மாலை கோத்தேன். வெள்ளைக்காரப் பெண்கள் விரும்பி வாங்கினார்கள். அந்த உற்சாகத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு மேசை போட்டு மாலைகளைப் பரப்பினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒரு பெண் ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

“நாள் பூரா தேயிலையோடதான் மல்லுக்கட்டுறோம். திருவிழாவுக்கும் அதையே கழுத்துல போட்டுக்கிட்டு வரவா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பட்டுக்கரை வளையல் அத்தனையும் போனது. கொட்டை மாலை ஒன்றுகூடப் போகவில்லை.

லெட்சுமி பட்டறைக்கு வந்தது அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து. நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றான், எப்போதாவது வருவான். அவள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போக எல்லாம் முடிவாகியிருந்தது. ஐந்து வயது மகள் சுபாவைப் புருஷனின் அக்காவிடம் விட்டுப் போகிறாள். ஒரு பையை மேசையில் வைத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மடிப்புக் கலையாமல் அடுக்கினாள்.

“அக்கா, இதெல்லாம் என்னோட உடுப்பு. இத வெட்டிப் புள்ளைக்கு ஒரு போர்வை தச்சித் தாங்க. ராவுல என்னையத் தேடி அழுவாம, நா பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி நெனச்சுத் தூங்கணும்.”

ஒரு நைட்டி, இரண்டு ரவிக்கை, தலையில் கட்டும் துணி, பூப்போட்ட ஒரு வாயில் சேலை. அடியில் ஒரு நீலச் சேலை. ஜரிகை இல்லை, ஆனால் நல்ல அடர்த்தியான நீலம்.

“இது தீவாளிக்கு எடுத்தது. ஒரே ஒரு தடவதான் கட்டுனேன். இத நடுவுல வைங்க. அம்மான்னா புள்ளைக்கு இந்தச் சேலைதான் ஞாபகம் வரணும்.”

துணிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, பாறையில் விரித்து வெயில் காட்டி, மடிப்புக்குள் பவுடர்கூடத் தூவியிருந்தாள். பட்டறைக்குக் கொண்டுவரும் துணியில் புகையும் கொழுந்துச் சாறும் மணக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். நான்கூட, “நல்லா தொவைச்சுக் கொண்டாந்திருக்க” என்று பாராட்டினேன்.

நான் தைத்ததில் சிறந்த போர்வை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். நீலத்தில் ஒரு பெரிய கோணல் துண்டை வெட்டி நடுவில் வைத்தேன். நைட்டியின் மஞ்சள் அதற்கு ஒரு பக்கத்தில் மெல்லிய பட்டையாகப் போனது. ரவிக்கையின் கை வளைவை நேராக்காமல் அந்த வளைவோடே சேர்த்தேன். கம்பளிச் சுவரில் அழுத்திவிட்டு எட்ட நின்று கண்ணைச் சுருக்கினால், பார்வை நேரே நீலத்தில் போய் நின்றது. லெட்சுமி புறப்படுவதற்கு முந்தின நாள் வந்து அதைப் பார்த்தாள். விரலால் நீலத்தைத் தடவினாள். கையெடுத்துக் கும்பிட்டாள், நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

இரண்டு கிழமை கழித்து சுபாவின் அத்தை செல்வி பட்டறைக்கு வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க. புள்ள அந்தப் போர்வைய ஒதைச்சுத் தள்ளிருது. ராவெல்லாம் கதவுகிட்ட வெறுந்தரையில போய்ப் படுத்துக்குது. காய்ச்சல் வேற. நா என்னா செய்ய?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்து அறைக்குள் சுபா கதவு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு படங்கு தொங்கியது. லெட்சுமி கடைசியாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்வந்து கழற்றி மாட்டியது. யாரும் அதைத் தொடவில்லை, துவைக்கவும் இல்லை. கொழுந்துச் சாற்றில் கறுத்து, விறைத்துப் போயிருந்தது. பிள்ளை அதன் நுனியை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

“ஏன் பாப்பா, அம்மா குடுத்த போர்வைய ஏன் போத்திக்க மாட்டேங்கிற?”

“அது அம்மா இல்ல.”

“அம்மாவோட சேலதானே அதுல இருக்கு?”

“கட வாசம் அடிக்குது,” என்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அந்தப் படங்கின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். அடுப்புப் புகை, வியர்வை, பச்சைக் கொழுந்து. என் அம்மாவின் மடியும் இப்படித்தான் இருந்தது. பிள்ளைக்குத் தாய் என்றால் அதுதான். அதை மட்டும்தான் லெட்சுமி மெனக்கெட்டுத் துவைத்துப் போக்கியிருந்தாள்.

கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். படங்கைக் கழற்றலாமா என்று சுபாவைக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றது. “நீயே புடிச்சுக்க, நா தைக்கிறேன்” என்று சொன்ன பிறகு சம்மதித்தது. போர்வையைத் தரையில் விரித்தேன். முகம் வைத்துப் படுக்கும் இடம் நடுதான். வேறு எங்கே வைத்தாலும் பிள்ளைக்கு எட்டாது. படங்கை வெட்டாமல், நாலாக மடித்து, நீலச் சேலைத் துண்டுக்கு மேல் வைத்தேன். ஒரு ஓரத்தைச் சுபா பிடித்துக்கொள்ள, மற்ற மூன்று ஓரத்தையும் தைத்தேன். சாக்குத் துணி தடிப்பு. ஊசி ஒன்று முறிந்தது. கடைசி ஓரத்துக்கு வந்தபோது பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. அதன் கையை மெதுவாக எடுத்துவிட்டுத் தைத்து முடித்தேன்.

செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல சேல மறைஞ்சிருச்சே” என்றாள்.

“உள்ள இருக்கு. எங்கயும் போகல,” என்றேன்.

இதை மிஸ்ஸிடம் சொன்னதும் அவர் பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்துக்கே வந்தார். வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுற்றிலும் பளிச்சென்ற நிறங்கள், நடுவில் கறுத்த சாக்கு.

“ம்” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, “பிள்ளை, இப்பிடி நாலஞ்சு தைச்சுப் பாப்பமா?” என்று கேட்டார்.

“மிஸ், அது அந்தப் புள்ளைக்காகச் செஞ்சது.”

“ஓம், விளங்குது. ஆனா பட்டறைக்கு ஒரு ஓடரும் வரேல்லை. இத்தினை பொம்பிளையளையும் நான் வீட்டுக்கு அனுப்பேலுமோ?”

பட்டறை உண்மையில் படுத்துத்தான் கிடந்தது. நாங்கள் புதுச் சாக்கு வாங்கி, தேயிலைத் தூள் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறப்போட்டுப் பழையது போல ஆக்கினோம். கொழும்புக் கண்காட்சியில் வைத்தவை எல்லாம் விற்றன. நுவரெலியாவில் பங்களாவை ஹோட்டலாக மாற்றியவர்கள் அறைக்கு அறை கேட்டார்கள். பட்டறை பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் புதிதாக எதையும் தைக்கவில்லை. நடுவில் சாக்கு, சுற்றி நிறம். நடுவில் சாக்கு, சுற்றி நிறம். மறுபடியும் கழுத்துப் பட்டிக்கே வந்து சேர்ந்துவிட்டேன். அலுமாரியில் இருந்த அளவுகோலும் வெளியே வந்தது. ஹோட்டல்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில் வேண்டுமாம்.

லெட்சுமி திரும்பி வந்தபோது சுபாவுக்குப் பத்து வயதிருக்கும். விமான நிலையத்திலிருந்து வந்த வழியில், வீட்டுக்குப் போகும் முன்பே, வேனை நிறுத்திப் பட்டறைக்கு ஏறி வந்தாள். உடம்பு வைத்திருந்தது, முடியை வெட்டியிருந்தாள். எனக்கு ஒரு சென்ட் போத்தல் கொடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த போர்வைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னாக்கா இது, படங்கு? நாங்க எப்படா இதக் கழட்டிப் போடுவோம்னு ஓடுறோம். நீங்க சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க.”

சுபாவின் போர்வையிலும் படங்கு இருக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். “புள்ளையப் போய்ப் பாரு மொதல்ல” என்றேன்.

மூன்றாம் நாள் போன் எடுத்து என்னை வரச் சொன்னாள். நான் போனபோது போர்வை கட்டில்மேல் கிடந்தது. படங்கு தேய்ந்து, இழை இழையாகப் போயிருந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“போன்ல கேக்குறப்பெல்லாம், புள்ள அந்தப் போர்வையோடதான் தூங்குதுன்னு அண்ணி சொல்லும். நா அங்கன இந்த நீலச் சேலைய நெனச்சுக்கிட்டே கெடந்தேன். இந்த அழுக்குச் சாக்கையா அக்கா எம்புள்ள கட்டிப்புடிச்சுக்கிட்டு இருந்துச்சு?”

“லெட்சுமி, புள்ள தூங்கலம்மா. அதுதான்...”

“நா நாயா ஒழைச்சது இத அது மறக்கணும்னுதானே?”

பிளேடை எடுத்து ஓரத்துத் தையலை அறுக்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. மூன்று பக்கம் பிரிந்ததும் ஒரே இழுப்பாக இழுத்தாள். அடியில் நீலம். இத்தனை வருஷமும் வெளிச்சமே படாமல் மூடிக் கிடந்ததால், சுற்றியிருந்த மஞ்சளும் சிவப்பும் வெளிறிப் போயிருக்க, அது மட்டும் கடையில் எடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

“சுபா, இங்க வா. பாரு, அம்மாவோட சேல. தீவாளிக்குக் கட்டுனேனே, ஞாபகம் இருக்கா?”

சுபா கதவருகே நின்றிருந்தாள். வந்தாள். நீலத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் விழுந்து கிடந்த படங்கைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மார்போடு மடித்து வைத்துக்கொண்டு, அடுப்படியில் இருந்த அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். செல்விக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளையை அணைக்கவும் பயம், தள்ளவும் மனமில்லை. லெட்சுமி கையில் பிளேடோடு நின்றாள்.

அந்தப் படங்கில் அப்போது லெட்சுமியின் வாசம் இருந்திருக்க முடியாது. அத்தனை வருஷத்தில் அது அந்தப் பிள்ளையின் வாசமாகவே ஆகியிருக்கும். அதை லெட்சுமியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

லெட்சுமி மறுபடியும் குவைத்துக்குப் போனாள். அந்தத் தடவை யாரிடமும் எதுவும் தைத்துக் கேட்கவில்லை. சரோஜா மிஸ் யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் காலமானார். நான் கண் மங்கும் வரை வேலை செய்துவிட்டு நின்றுகொண்டேன். செய்த தையலில் பிசகு என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அந்த லயத்து அறையில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளைக்காகத் தைத்தது தாயைக் காயப்படுத்திவிட்டது. தாய் ஆசைப்பட்டபடி தைத்தது பிள்ளைக்கு உதவவில்லை.

இந்தத் தைப்பொங்கலுக்கு முன் ஹட்டன் பஸ் நிலையத்தில் லெட்சுமியைக் கண்டேன். இனிப் போவதில்லை என்று வந்துவிட்டாளாம். முடி நரைத்திருந்தது. கோபமெல்லாம் இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். சுபா கொழும்பில் புத்தகக் கடையொன்றில் வேலை செய்கிறாளாம், நல்லபடியாக இருக்கிறாளாம்.

“ஒங்கிட்ட நல்லாப் பேசுறாளா?” என்று கேட்டேன்.

லெட்சுமி நோட்டன் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பேசுறாக்கா. கேட்டதுக்குப் பதில் சொல்றா.”